ரெண்டு சுத்து

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த முதல் மழைக்காலத்தில் நான் தொலைத்த குடைகளுக்குக் கணக்கில்லை. மினிபஸ் இருக்கைக்கு அடியில் ஒன்று போனது, சியால்தா நடைமேடையில் ஒன்று. அலுவலகத்தில் காயவைத்த இடத்திலிருந்தே ஒன்று நடந்து போய்விட்டது. குடையின் கைப்பிடியில் தொங்கும் நாடாவை மணிக்கட்டில் இரண்டு முறை முறுக்கிக்கொண்டால் அது எங்கும் போகாது என்று கண்டுகொண்ட பிறகு ஒன்றுகூடத் தொலையவில்லை. பஸ்ஸில் கூட்டம் நெரித்தாலும், சித்திரை மாதத்து மாலைப் புயல் குடையைப் பிடுங்கினாலும், அது என் கையோடுதான் இருக்கும். துணி கிழியும், கம்பி வளையும், குடை போகாது.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது அதையே அவளுக்கும் பழக்கினேன். சால்ட் லேக்கில் எங்கள் அரசுக் குடியிருப்பின் வாசலில் நின்று, அவளுடைய சின்ன மணிக்கட்டில் நாடாவை முறுக்கி, "ரெண்டு சுத்து" என்பேன். அவளும் கையை உயர்த்திக் காட்டி, "ரெண்டு சுத்து" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவாள். தண்ணீர் பாட்டிலின் கயிற்றுக்கும் அதுதான், பிறகு கைப்பேசி வந்தபோது அதற்கும். வீட்டில் அது ஒரு சொல்வழக்காகவே ஆகிவிட்டது. காஸை மூடினாயா, கதவைப் பூட்டினாயா என்று நான் மறுபடியும் கேட்டால், "சுத்தியாச்சு, ரெண்டு சுத்து" என்பாள் என் மனைவி.

அந்தக் குழந்தை இப்போது பல் மருத்துவக் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறாள். மலையேற்றத்தில் பைத்தியம். மலையே இல்லாத ஊரில் பிறந்தவளுக்கு அந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் உயரம் என்றால் மேம்பாலம்தான். தோழிகளோடு இரண்டு முறை டார்ஜிலிங் பக்கம் போய் நடந்துவிட்டு வந்தாள். இந்த வசந்தத்தில் அதே பக்கத்தில் இன்னும் உயரமான சந்தக்பூ மலைக்குப் போகத் திட்டமிட்டிருந்தாள். கடைசி நேரத்தில் தோழிகள் வரவில்லை என்றதும், வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொண்டு தனியாகவே போகிறேன் என்றாள்.

"நானும் வரேன்" என்றேன்.

"உங்க முட்டி?"

"நீதான் ஸ்டிக் இருந்தா முட்டிக்கு நல்லதுன்னு சொன்னியே."

அவள் அம்மா சமையலறையிலிருந்து, "முட்டிக்காகவா போறார்? உன்னைப் பார்த்துக்கிட்டே நடக்கப் போறார்" என்றாள்.

அப்படியாக இரண்டு ஜோடி நடைக்கோல்கள் வீட்டுக்கு வந்தன. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்கள், நீட்டவும் குறைக்கவும் பூட்டுகள், பிடியின் மேல்பக்கத்தில் அகலமான வார். எனக்கு அதைப் பார்த்ததும் குடை நாடாதான் நினைவுக்கு வந்தது. மேலிருந்து கையை நுழைத்து முறுக்கினேன். மகள் சிரித்தாள்.

"அப்பா, இது குடை இல்ல. கையைக் கீழேருந்து மேல விடுங்க. ம், இப்ப வாரையும் சேர்த்துப் பிடியைப் பிடிங்க. அழுத்துங்க. இப்ப விரலைத் திறங்க."

திறந்தேன். என் எடையை மணிக்கட்டுக்கு அடியில் இருந்த வார் தாங்கியது. விரல்கள் சும்மா இருந்தன.

"பார்த்தீங்களா? ஸ்டிக்கை யாரும் இறுக்கிப் பிடிக்கறதில்ல. வார்மேல சாயணும், அவ்வளவுதான். விரல் சும்மா வழிகாட்டும்."

சமதரையில் முழங்கை செங்கோணத்தில் நிற்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும், ஏறும்போது குறைக்க வேண்டும், இறங்கும்போது நீட்ட வேண்டும் என்றாள். பிறகு ஒன்றை இரண்டு முறை சொன்னாள். அவள் இரண்டு முறை சொன்னாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"கல்லும் வேரும் உள்ள இறக்கத்துல கையை வாரிலேருந்து வெளிய எடுத்துடணும். விழுந்தா ஸ்டிக் தனியா போகணும், கை தனியா வரணும். சரியா?"

சரி என்றேன். குடியிருப்பின் மாடிப்படியிலும் வாகனம் நிறுத்தும் சரிவிலும் ஒரு வாரம் பயிற்சி செய்தோம். கீழ்வீட்டு வங்காள அம்மாள், மகள் சித்தி முறை வைத்துக் காகிமா என்று கூப்பிடுபவர், ஜன்னலைத் திறந்து, "தாதா, பரஃப் கொதாய்?" என்று கத்தினார். பனி எங்கே அண்ணா என்று கேட்கிறார். "ஆஷ்சே, பௌதி" என்றேன், வந்துகொண்டிருக்கிறது என்று. மறுநாள் காதுவரை மூடும் இரண்டு கம்பளிக் குரங்குக் குல்லாய்களைக் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டுப் போனார். என்னைவிடப் பயந்த ஒரு ஜீவன் அந்தக் கட்டடத்தில் இருப்பது அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஏற்றம் நன்றாகவே போனது. என் முட்டிகூட முனகவில்லை. மலைமுகட்டில் நடந்த ஒரு பிற்பகலில், மகள் கோலை ஒரு கல்லில் சாய்த்துவிட்டுப் படம் எடுக்கக் கைப்பேசியை உயர்த்தினாள். கோல் நழுவிப் புல்சரிவில் உருண்டது. அவள் யோசிக்கவே இல்லை. குப்புற விழுந்து, விளிம்புக்கு வெளியே கையை நீட்டி, அதன் நுனியைப் பிடித்துவிட்டாள். எழுந்து அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். அந்த விளிம்புக்குக் கீழே மேகம் மட்டும்தான் இருந்தது. நானும் சிரித்ததாக நினைக்கிறேன். அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்கப் பாட்டிலைத் திறந்தவன் மூடியைக் கீழே போட்டேன்.

அன்றிலிருந்து மலை எதையும் நான் பார்க்கவில்லை. அவளுடைய கோல்களின் வாரை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

சந்தக்பூவிலிருந்து ஸ்ரீகோலாவுக்கு இறங்கும் காட்டுப் பாதை செங்குத்தானது. மூங்கில் புதர், மூடுபனியில் நனைந்த கல், அதன்மேல் பின்னிக்கிடக்கும் வேர்கள். இறங்கத் தொடங்குமுன் என் கோல்களை அவளே நீட்டிக் கொடுத்தாள், தன்னுடையதையும் நீட்டிக்கொண்டாள். கையை வாரிலிருந்து எடுத்துவிட்டாள். நான் எடுக்கவில்லை. அவள் முன்னால் போக, அவளுடைய இரண்டு வார்களும் காற்றில் ஆடிக்கொண்டே போயின.

"வார்ல கையை விடும்மா."

"இறங்கும்போது கூடாதுன்னு சொன்னேன்ல. நீங்களும் எடுங்க."

"நேத்து நழுவிச்சே."

"நழுவட்டும். ஸ்டிக்குதானே."

"ஸ்டிக்கு போனா பரவாயில்ல. அது பின்னாடி நீ போவியே. நேத்து பார்த்தேனே."

கொஞ்ச தூரம் நடப்போம். மறுபடி சொல்வேன். முன்னால் போன வழிகாட்டிக்கு மொழி புரியவில்லை, ராகம் புரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்து, "அங்கிள்ஜி கா ரேடியோ சாலூ ஹை" என்றார். ரேடியோ பாடத் தொடங்கிவிட்டதாம். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் சிரிக்கும்போது கால் பார்த்து வைக்கிறாளா என்று பார்த்தேன்.

"ஒரு தடவை அப்பா சொல்றதைக் கேளேன். எனக்காக."

எனக்காக என்ற அந்தச் சொல்லைச் சொன்னதும் அவள் நின்றாள். திரும்பினாள். களைத்த முகம், அதில் குறும்பும் இருந்தது. வலது கையை மேலிருந்து வாருக்குள் நுழைத்தாள், முறுக்கினாள், இன்னொரு முறை முறுக்கினாள். இடது கைக்கும் அப்படியே. பள்ளிக்கூடம் போகும்போது காட்டுவதுபோல இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினாள்.

"ரெண்டு சுத்து. போதுமா? இப்ப ரேடியோவை ஆஃப் பண்ணிட்டு வாங்க."

"இப்பதான் என் பொண்ணு" என்றேன்.

நிம்மதியாக ஒரு மூச்சுகூட விட்டேன். அடுத்த வளைவில் அவள் கால் வேரில் வழுக்கியது.

விழுந்தது பெரிய விழுகையே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் சொல்ல முடியும். மாடிப்படியில் விழுவதைவிடச் சிறியது. ஆனால் வலது கோலின் முனை இரண்டு கற்களுக்கு நடுவே செருகிக்கொண்டது. உடம்பு முன்னால் போனது, கோல் போகவில்லை, கை கோலோடு நின்றது. முறுக்கிய வார் கையை விடவில்லை. பிடி உள்ளங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே இருந்தபடியே கட்டைவிரலை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது.

"ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்ல" என்றபடி உட்கார்ந்தாள்.

நான் வாரை அவிழ்க்கப் பார்த்தேன். எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்பதே தெரியவில்லை. வழிகாட்டி கத்தியை எடுத்து வெட்டிவிடலாம் என்றார். "வேணாம், நல்ல வார்" என்று அவளே இடது கையால் மெல்ல ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று என்று பிரித்தாள். கட்டைவிரல் அவளுடையது இல்லாத மாதிரி ஒதுங்கி நின்றது. அதன் அடியில் இடது கையால் ஒரு இடத்தை அழுத்தினாள். பக்கவாட்டில் லேசாக அசைத்துப் பார்த்தாள். படித்தவள் அல்லவா, அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை என்று சொல்வதை நிறுத்திவிட்டாள்.

கையைச் சூடாகவும் அசையாமலும் வைக்க வேறொன்றும் அகப்படவில்லை. காகிமா தந்த குரங்குக் குல்லாய்க்குள் அவள் கையை நுழைத்து, என் துண்டால் கழுத்தோடு கட்டினேன். மீதி இறக்கம் முழுவதும் அந்தக் குல்லாயின் குஞ்சம் அவள் மார்பில் ஆடிக்கொண்டு வந்தது. அவள் ஒருமுறைகூட என்னைத் திரும்பிப் பார்த்து, பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

சிலிகுரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு முறியவில்லை என்றார்கள். நான் சந்தோஷப்பட்டேன். கொல்கத்தாவில் கை மருத்துவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கட்டைவிரலின் அடியில் இருக்கும் தசைநார் முழுதாக அறுந்திருக்கிறது, அறுவை செய்து சேர்க்க வேண்டும் என்றார். எப்படி விழுந்தாய் என்று கேட்டார்.

"வழுக்கிடுச்சு, டாக்டர். ஸ்டிக்கை நான் விடல" என்றாள்.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தேன். மருத்துவர் அதற்குள் எழுதத் தொடங்கியிருந்தார்.

மனைவியிடம் வீட்டுக்கு வந்த அன்றே சொல்லிவிட்டேன். நடந்தது நடந்தபடி, "எனக்காக" என்று நான் கெஞ்சியது உட்பட. அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி நிற்கவில்லை.

"தெரியும். அவ சொல்லல, ஆனா தெரியும். பயம் உங்களுக்கு, கயிறு அவ கையில. எப்பவும் அப்படித்தானே?" என்றாள். பிறகு, "ரசம் ஊத்தட்டுமா?" என்றாள்.

அறுவை முடிந்து கட்டு, கட்டுக்குப் பிறகு பிளாஸ்டிக் தாங்கி. கல்லூரியில் கடைசி ஆண்டுக்காரர்கள் தங்கள் கையாலேயே நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து காட்ட வேண்டும். பல் பிடுங்கும் இடுக்கியோ, கறை சுரண்டும் சிறு கருவியோ, எதுவானாலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிப் பிடித்தால்தான் நடக்கும். அவள் மற்றவர்களுக்கு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த முறை தேர்வு எழுத விடுவார்களா என்பது தெரியவில்லை. பிடிமானம் திரும்பி வருமா என்று மருத்துவரைக் கேட்டேன். "பெரும்பாலும் வந்துடும்" என்றார். அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து அதோடு பல மாதங்கள் குடித்தனம் நடத்தினேன்.

அவளுக்கு விரல் பயிற்சிகள் கொடுத்திருந்தார்கள். பிசையும் களிமண்ணைக் கிள்ளுவது, துணிக்கவ்விகளைத் திறந்து மூடுவது. அதனால் வீட்டுத் துணி முழுவதையும் அவளே உலர்த்தினாள். பால்கனியில் கவ்வி விழும் சத்தம் கேட்கும். குனிந்து எடுப்பாள். மறுபடி விழும். நான் செய்தித்தாளின் அதே பத்தியில் இருப்பேன்.

அவளும் மனைவியும் பயிற்சி நிலையத்துக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு காலையில், பரணிலிருந்து நான்கு கோல்களையும் இறக்கினேன். வார்களைப் பார்த்தேன். அவள் கையில் இருந்ததில் முறுக்கின மடிப்பு இன்னும் போகவில்லை. சமையலறைக் கத்தரிக்கோலால் நான்கையும் அடியோடு வெட்டினேன். கெட்டியான வார், சீக்கிரம் அறுபடவில்லை. வெட்ட வெட்ட எனக்கு மனசு லேசாகிக்கொண்டு வந்தது. குப்பை வண்டிக்காரர் விசில் ஊதியதும் கீழே ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தேன். கோல்களை மறுபடி பரணில் வைத்தேன். நல்ல காரியம் செய்துவிட்ட களைப்போடு குளித்தேன்.

துர்கா பூஜைப் பந்தல்களைப் பிரித்த பிறகு, காற்றில் லேசாகக் குளிர் ஏறியபோது, ஒரு மாலை அவள் கேட்டாள்.

"அப்பா, பரண்லேருந்து ஸ்டிக்கை எடுத்துத் தாங்களேன்."

"எதுக்கும்மா?"

"பார்க்குல நடக்கப்போறேன். ஃபிஸியோகிட்ட கேட்டுட்டேன், செய்யலாம்னு சொல்லிட்டாங்க. கட்டைவிரலால இன்னும் இறுக்கிப் பிடிக்க முடியல. ஆனா வார்மேல சாஞ்சா பிடிக்கவே வேணாமே. மறுபடி நடந்துடலாம்."

நான் நாற்காலியைப் போட்டு ஏறினேன். மெல்லத்தான் ஏறினேன். கோல்களைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். வார் இருந்த இடத்தில் ஒரு விரற்கடை அளவு கத்தரித்த நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"எதுக்குப்பா?"

"இனிமே இது உன் கையில..."

"இதுதான் எனக்கு வேணும். இது ஒண்ணுதான் வேணும்." விழுந்த அன்றுகூட அவள் குரல் அப்படி உயரவில்லை. "அன்னிக்குக் கட்டுன்னு சொன்னீங்க, கட்டினேன். இப்ப நீங்களே வெட்டிட்டீங்க. நடுவுல ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, என்னைக் கேட்டீங்களா?"

அறைக் கதவு சாத்திக்கொண்டது. மனைவி எட்டிப் பார்த்தாள். மேசைமேல் கிடந்த நான்கு கோல்களையும் பார்த்தாள். திரும்பிச் சமையலறைக்குப் போய்விட்டாள். நான் மகளை அடித்திருந்தால்கூட அந்த மாலை அவ்வளவு கனத்திருக்காது.

மறுநாள் அலுவலகம் விட்டதும் கரியாஹாட் போய், பைகளுக்கு வார் விற்கும் ஒரு கடையில் அதே அகலத்தில், உள்பக்கம் மெத்தென்றிருக்கும் வாரை வாங்கி வந்தேன். கூடத்தில் உட்கார்ந்து சாதாரண ஊசியால் தைக்கப் பார்த்தேன். ஊசி முறிந்தது. மகள் வந்து நின்று பார்த்தாள். உள்ளே போய், கல்லூரியில் தையல் போடப் பழகும் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வளைந்த ஊசி, அதைப் பிடிக்க ஒரு இடுக்கி, கறுப்பு நூல்.

"தள்ளுங்க, நான் பண்றேன்."

இடுக்கியின் வளையத்தில் கட்டைவிரலை நுழைத்தாள். ஊசியைக் கவ்வினாள். வாரில் குத்தி அழுத்தும்போது விரல் மடங்கிக்கொண்டது. இடுக்கி தரையில் விழுந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது என் பார்வைக்குப் புதிதில்லை, பால்கனியில் கவ்வியாகப் பார்த்ததுதான். ஆனால் இது அவளுடைய தொழில்.

"நீங்க தைங்க. நான் சொல்றேன்" என்றாள்.

தைத்தேன். ஊசியை நேராகக் குத்த வேண்டும், தள்ளக் கூடாது, மணிக்கட்டைத் திருப்பினால் அதுவே வளைந்து மேலே வரும் என்றாள். வந்தது. நூலைப் பிடித்து நன்றாக இழுத்தேன்.

"இழுக்காதீங்க. ரெண்டு பக்கமும் சேர்ந்தா போதும். இறுக்கினா ரத்தம் ஓடாது, தோல் செத்துடும்."

"இது வார்தானே?"

"கை பழகறது ஒண்ணுதான். பிரிங்க."

பிரித்தேன். மறுபடி போட்டேன். அவள் தலை என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு வளையம் முடிந்ததும், கீழிருந்து மேலாக இடது கையை விட்டுப் பார்த்தாள். போனது. வெளியே இழுத்தாள். கட்டைவிரல் மூட்டில் தடுக்கியது.

"உள்ள போகுது, வெளிய வரல. ஒரு விரல் இடம் கூட விடுங்க."

"கொஞ்சம் டைட்டா இருந்தாத்தான்..." என்று தொடங்கிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் பாதியில் நிறுத்தி, போட்ட முடிச்சுகளைக் கத்தரித்தேன். அவற்றைப் போட எனக்கு வெகுநேரம் ஆகியிருந்தது.

இரண்டாவது முறை தைத்ததை வலது கையில் மாட்டினாள். எழுந்து நின்று, கோலைத் தரையில் ஊன்றி, வார்மேல் மெல்லச் சாய்ந்தாள். பிறகு விரல்களைத் திறந்தாள். ஐந்து விரல்களும் காற்றில் இருந்தன, அந்தக் கட்டைவிரலும்தான். தையல் தாங்கியது. அவள் இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். தாங்கியது. சொல்லாமல் கொள்ளாமல் கையை உருவினாள். கோல் சரிந்தது. என் கை தானாக நீண்டு பாதி வழிவரை போய்விட்டது.

"விடுங்கப்பா."

கோல் தரையில் விழுந்து பெருஞ்சத்தமாக உருண்டது. கீழே ஜன்னல் திறந்தது. "கீ ஹோலோ, தாதா?" என்று காகிமாவின் குரல், என்ன ஆயிற்று என்று.

"கிச்சு நா, பௌதி" என்று கத்தினேன், ஒன்றுமில்லை என்று.

மகள் குனிந்து இடது கையால் கோலை எடுத்துச் சுவரில் சாய்த்தாள்.

"இன்னொண்ணு தைக்கணும். அதையும் இதே அளவு விடுங்க. நாளைக்குப் பார்க்குக்கு நான் மட்டும் போறேன், சரியா?"

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். துளை தெரியவில்லை. நூலின் நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்தினேன், தலையை மட்டும் ஆட்டினேன்.